உன் கிட்டாரை விற்க வேண்டாம், மகளே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ கேட்டிருந்த கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால், உட்கார்ந்து எழுதியே அனுப்புகிறேன். நியூரம்பெர்கில் யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற அந்த செமி-ஹாலோ (உடலின் பக்கங்கள் மட்டும் உள்ளீடற்ற) கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் பணம் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்கலாமா, இல்லாவிட்டால் கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு மின்சைகையாக அனுப்பும் அதன் பிக்கப்புகளையாவது மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாளையங்கோட்டையில் பாடகர் குழுவோடு இத்தனை காலம் அதே வகையான ஐபனெஸ் ஏ.எஸ். 73 கிட்டார் ஒன்றை வைத்து வாசித்துவரும் பழக்கத்தில் இதைச் சொல்கிறேன். காரணங்களைப் பொறுமையாகப் படி.

உன் நண்பர் அந்தக் கிட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு "வெறும் பிளைவுட்" என்றாராம். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது குறையாகாது. இந்த வகைக்கே முன்மாதிரியான கிப்சன் இ.எஸ். 335, 1958-இல் அமெரிக்காவின் கலமசூ நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே அதன் மேற்பலகையும் பின்பலகையும் பக்கங்களும் மேப்பிளும் பாப்லரும் அடுக்கடுக்காக ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்த பலகையால்தான் செய்யப்பட்டன. முழுவதும் உள்ளீடற்ற கிட்டார்களில் பிக்கப் பொருத்தி ஒலியைக் கூட்டினால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியில் உடலே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். கெட்டியான ஒரே பலகையில் செய்த கிட்டார்களில் அந்த ஊளை எளிதில் வராது என்றாலும், காற்றறை தரும் விரிவு அவற்றில் கிடைப்பதில்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டிய காலத்திலேயே நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலைக்குப் போய், நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பி பூட்டி, பார்வைக்குக் கிட்டார் போலத் தோன்றுவதற்காக அதன் இரு பக்கமும் பழைய கிட்டாரின் பாதிகளை ஒட்டிப் பார்த்திருந்தார். டெட் மெக்கார்ட்டி தலைமையிலிருந்த கிப்சன் நிறுவனம் ஏறத்தாழ அதே எண்ணத்தை முறைப்படி செய்து, மெல்லிய உடலின் நடுவே கழுத்திலிருந்து வால் வரை மேப்பிள் கட்டை ஒன்றை ஓடவிட்டு, இரு சிறகுகளையும் காலியாக விட்டது. உன் கிட்டாரின் எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார். நடுவில் அந்தக் கட்டை தெரியும். கம்பியின் நாதம் நீடித்து நிற்பதும், சத்தத்தைக் கூட்டினாலும் ஊளை எளிதில் கிளம்பாததும் அதனால்தான். நீ கொடுத்த பணத்திற்கு அது கிடைத்துவிட்டது.

அப்படியானால் மூவாயிரம் டாலரைத் தாண்டும் ஒன்றுக்கும் சில நூறு டாலருக்குள் கிடைக்கும் ஒன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பாய். பிக்கப், ஸ்விட்ச், வண்ணப்பூச்சு என்று சில இருக்கின்றன, மறுக்கவில்லை. பெரும்பகுதி வேறுபாடு கூலியில் இருக்கிறது. சீனாவிலும் இந்தோனேசியாவிலும் பலகையை அழுத்துவதும் கழுத்தைக் கடைவதும் இயந்திரத்தால் செம்மையாகவே நடக்கின்றன. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படிந்து செல்லும் சிறு கட்டையான நட்டின் ஆறு பள்ளங்களையும் அந்தந்தக் கம்பிக்கு ஏற்ற ஆழத்தில் அறுப்பது, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகளின் ஓரங்களை விரலுக்கு உறுத்தாமல் உருட்டுவது, ஒன்றிரண்டு பிரெட் மேலெழும்பி நின்றால் சமன் செய்வது ஆகியவைதான் கை பிடித்துச் செய்யும் நேரத்தைக் கேட்பவை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வெட்டப்படுவது அந்த நேரம்தான். அந்த விட்டுப்போன வேலையை நீயும், தேவைப்பட்டால் உன் ஊரில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரும் சேர்ந்து முடித்துவிடலாம்.

நீ எழுதிய குறைகளையே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கம்பியை இழுத்து வளைத்து விட்டதும் சுருதி இறங்கிவிடுகிறது, தலைப்பகுதியிலுள்ள சுருதிச் சாவியான டியூனரைத் திருகும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். டியூனரில் பழுது இல்லை. தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்றாகச் சாவிகள் இருக்கும் கிட்டார்களில் மூன்றாவது கம்பியும் நான்காவது கம்பியும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது; பள்ளம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் கம்பி அதில் சிக்கி, பிறகு சட்டென்று விடுபடும். அந்தச் சத்தம்தான் நீ கேட்பது. இப்போதைக்குக் கம்பியைத் தளர்த்தி விலக்கிவிட்டு, பென்சிலைக் கூராகச் சீவி அந்தப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய். அந்தக் கரி மசகுபோல வேலை செய்யும். அடுத்ததாக, முதல் பிரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் மட்டும் அபசுரம் தட்டுகிறது என்கிறாயே, அது பள்ளங்களின் ஆழம் போதாததன் அடையாளம். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது பிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் பிரெட்டின் மேல் உற்றுப் பார். கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் நட்டை அறுக்க வேண்டும். அதை நீ தொடாதே. ஒரு இழுப்பு அதிகமானால் வெறுங்கம்பி முதல் பிரெட்டில் மோதி இரையத் தொடங்கும், புது நட்டே வைக்க வேண்டிவரும். பிக்கப் மாற்ற எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நட்டையும் பிரெட் ஓரங்களையும் சரிசெய்து வாங்கு. வித்தியாசத்தை அன்றைக்கே உணர்வாய்.

அதற்கு முன் கம்பியின் கனத்தை முடிவு செய்துவிட வேண்டும். இந்த வகைக் கிட்டார்களில் நட்டுக்கும், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே ஏறத்தாழ 24.75 அங்குலம், ஃபெண்டர் வகைகளில் அது 25.5. நீளம் குறைந்தால் ஒரே சுருதிக்கு இழுவிசையும் குறைவு. அதனால் உன் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் சரியாக இருந்த பத்து எண் கம்பி (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) இதில் தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். பதினொன்று போடு. நிக்கல் சுற்றிய சாதாரணக் கம்பியே போதும். தட்டைச் சுற்றுக் கம்பி ஜாஸுக்கு அழகாக இருக்கும், ஆனால் நீ வாசிக்கும் ப்ளூஸுக்கு அதில் பளிச்சென்ற ஓசை போதாது. பதினொன்றைப் போட்ட பிறகுதான் நட்டை அறுக்கக் கொடுக்க வேண்டும், கழுத்தையும் தொட வேண்டும். வரிசை மாறினால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். அறையில் ஹீட்டர் போடத் தொடங்கிய பிறகுதான் கம்பிகள் இரைகின்றன என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. இங்கே காற்றில் ஈரம் ஏறும்போது மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும். அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்காற்று வறண்டு போவதால் பிரெட் பலகை சுருங்கி, கழுத்து பின்னோக்கி வளைகிறது. கம்பிகள் பிரெட்டுகளை நெருங்கிவிடுகின்றன. ஓரங்களில் பிரெட் முனை விரலில் குத்துவதும் இதனால்தான். அறைக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கி வை. 45 முதல் 55 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள். கிட்டாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தாமல், வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மூடு. கனமான கம்பி கழுத்தைக் கொஞ்சம் முன்னோக்கி இழுக்கும் என்பதால் பதினொன்று போட்டதுமே இரைச்சலில் பாதி குறைய வாய்ப்புண்டு. ஓரிரு நாள் விட்டு, முழுச் சுருதியில், ஆறாவது கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது, எட்டாவது பிரெட் பக்கம் இடைவெளியைப் பார். ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதைவிடக் குறைவாக இருந்தால் தலைப்பகுதியிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடும் எஃகுத் தண்டான ட்ரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் திருப்பு மட்டும் திருப்பிவிட்டுக் காத்திரு. பன்னிரண்டாவது பிரெட்டில் கம்பியின் உயரம் ஆறாவதுக்கு 2 மில்லிமீட்டரும் முதலாவதுக்கு 1.6 மில்லிமீட்டரும் எனக்கு எப்போதும் ஒத்துவந்திருக்கின்றன. பிரிட்ஜின் இரு பக்கத் திருகுகளால் அதை அமைக்கலாம். கடைசியாக, பன்னிரண்டாவது பிரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் அதே இடத்தில் விரல் நுனியால் தொட்டெழுப்பும் ஹார்மோனிக் சுரத்தையும் சுருதி காட்டும் டியூனர் கருவியில் ஒப்பிடு. அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சிறு தாங்கியைப் பின்னால் தள்ளு. இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவா.

இப்போது பிக்கப்புக்கு வருகிறேன். கெட்டி உடல் கிட்டாரில் பின்மூடியைக் கழற்றினால் வயர்கள் கைக்குக் கிடைக்கும். இதில் அப்படி மூடி கிடையாது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலிருக்கும் நான்கு பாட்களையும் ஸ்விட்சையும் ஜாக்கையும் எஃப் துளை வழியாகவே வெளியே எடுத்து, பற்றவைத்து, மறுபடி அதே வழியாக உள்ளே விட்டு, ஒவ்வொன்றின் தண்டையும் அதனதன் ஓட்டைக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தெரிந்தவர்கள், மீன்தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய ரப்பர் குழாயை மேலிருந்து ஓட்டை வழியாக விட்டு, எஃப் துளையில் வெளியே எடுத்து, பாட்டின் தண்டில் செருகி, மெல்ல இழுத்து இடத்தில் உட்காரவைப்பார்கள். தண்டில் திருகு நட்டைப் போட்டு இறுக்கிய பிறகே குழாயை உருவுவார்கள். பொறுமை இருந்தால் செய்யலாம், ஆனால் அதைச் செய்வதற்கான காரணம் உனக்கு இன்னும் வரவில்லை. கழுத்துப் பக்கப் பிக்கப் மந்தமாக ஒலிக்கிறது என்பதுதானே உன் புகார்? முதலில் திருப்புளியால் அதைக் கீழே இறக்கு. கடைசிப் பிரெட்டில் அழுத்திய நிலையில் ஆறாவது கம்பிக்கும் பிக்கப்புக்கும் இரண்டரை மில்லிமீட்டர் அளவும், முதல் கம்பிப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் வைத்துக் கேள். மந்தம் பெருமளவு விலகும். ஜாக்கின் திருகு நட்டு தளர்ந்திருந்தால் மட்டும் உடனே இறுக்கிவிடு, இறுக்கும்போது உள்ளே ஜாக் சேர்ந்து சுழலாமல் பிடித்துக்கொள். அது உடலுக்குள் விழுந்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

வாசிப்பு முறையும் கொஞ்சம் மாற வேண்டும். ஸ்ட்ராட்டில் பழகிய கை, எல்லாக் குமிழ்களையும் பத்தில் வைத்துவிட்டு ஆம்ப்பில் சரிசெய்யப் பார்க்கும். இதில் இரு பிக்கப்புகளுக்கும் தனித்தனி வால்யூம், தனித்தனி டோன். ஸ்விட்சை நடுவில் வைத்து, பிரிட்ஜ் பக்கத்தைப் பத்திலும் கழுத்துப் பக்கத்தை ஏழிலும் விட்டுப் பார். பிறகு மாற்றிப் பார். ஒன்றை முழுதாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் வழக்கமான இணைப்பில் இரண்டுமே அடங்கிவிடும், அதைக் கண்டு பயப்படாதே. ஆலயத்தில் பாடலுக்குத் துணையாக வாசிக்கும்போது நான் கழுத்துப் பக்கத்தை மட்டும் வைத்து, வால்யூமை ஆறேழிலும் டோனைப் பாதியிலும் நிறுத்திக்கொள்கிறேன். ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடுகிறவர்களின் குரலுக்குக் குறுக்கே அது வருவதில்லை. குழுக்களில் கிட்டார் வாசிப்பவர்கள் பலர் டிரெபிளை மிகுதியாக வைத்துப் பாடகர்களை மறைத்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்றாயே, இந்தக் கிட்டாரில் ஆம்ப் இல்லாமலேயே பயிற்சி செய்யலாம். காற்றறை இருப்பதால் உன் காதுக்குப் போதுமான ஒலி வரும். ஆனால் இன்னும் கேட்க வேண்டுமென்று ஓங்கி மீட்டும் பழக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள். குழுவோடு சத்தமாக வாசிக்கும்போது ஊளை வந்தால், ஆம்ப்புக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் திரும்பி நில். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் இந்தத் தொல்லை வேண்டாமென்றே 1980-இல் தன் பெயரில் வந்த 'லூசில்' மாதிரியில் எஃப் துளைகளே இல்லாமல் செய்யவைத்தார். அதே ஊளையை, எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் நின்றால் எந்தச் சுரம் தானாக நீள்கிறது என்று கண்டுபிடித்துப் பாட்டில் பயன்படுத்திக்கொள்வதும் இந்தக் கருவியின் ஒரு கலை.

கிட்டாரின் தலையிலிருக்கும் நிறுவனப் பெயர் உன்னை உறுத்துகிறது என்று வரிகளுக்கு நடுவே படித்தேன். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் 1981-ஆம் ஆண்டின் ஐபனெஸ் ஏ.எஸ். 200-ஐத்தான் தன் முதன்மைக் கிட்டாராக இத்தனை காலமும் வைத்துக்கொண்டிருக்கிறார். அது மலிவான மாதிரி இல்லைதான். என்றாலும் அமெரிக்கப் பெயர் இல்லாத ஒன்று அவருக்குப் போதுமாக இருந்தது. சந்தேகம் தீரவில்லையென்றால் பாம்பெர்க் பக்கம் ட்ரெப்பென்டோர்ஃபில் தோமான் இசைக்கருவிக் கடை இருக்கிறதே, உன் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லை. நட்டு வேலை முடிந்த பிறகு உன் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் போய், அங்கே அவர்களுடைய ஹார்லி பென்டன் எச்.பி. 35-ஐயும், எபிஃபோனையும், கிப்சனையும் ஒரே ஆம்ப்பில், ஒரே அமைப்பில், ஒரே பாட்டை வாசித்துப் பார். அதற்கு முன் போகாதே. சரிசெய்யாத உன் கிட்டாரைச் சரிசெய்த வேறொன்றோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

அண்ணன் அடுத்த மாதம் ஃபிராங்க்ஃபர்ட் வரும்போது என்னிடமிருக்கும் இடைவெளி அளக்கும் தகடுகளையும் சிறு எஃகு அளவுகோலையும் கொடுத்தனுப்புகிறேன். பதினொன்று எண் கம்பி போட்டு, இரண்டு நாள் கழித்து, ஏழாவது பிரெட்டில் என்ன இடைவெளி, பன்னிரண்டாவதில் என்ன உயரம் என்று அளந்து எனக்கு எழுது. நட்டின் முதல் மூன்று பள்ளங்களையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினால், பழுதுபார்ப்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா