சித்தப்பாவின் கசெட்டுகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

ஆறு மாதமாக எழுதவில்லை, ஏசுவதென்றால் ஏசு. அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே. சின்னக்காவுக்கு வீடு கிடைத்துவிட்டது. மிச்சத்தைப் போனில் கதைப்போம். நேற்று நடந்ததைச் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது.

சித்தப்பாவின் கசெட்டுகளையும் கல்யாண வீடியோக்களையும் ஏற்றி ஏற்றி, பழைய 1 டெராபைட் ட்ரைவ் நிரம்பிவிட்டது. பம்பலப்பிட்டியில் 4 டெராபைட் ஒன்று வாங்கி, லினக்ஸில் ட்ரைவைப் பிரிக்கும் பார்ட்டட் என்ற கருவியில், பழைய பழக்கத்தில் எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் பிரிக்கப் போனேன். 2 டெராபைட்டுக்கு மேல் போகவில்லை. அந்த முறை செக்டர்களை, அதாவது ட்ரைவின் சின்னச் சின்னத் துண்டுகளை, 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 512 பைட் செக்டர் என்றால் அதோடு கணக்கு முடிந்துவிடும். சரி, அந்த எல்லை இல்லாத புதிய முறையான ஜிபிடிக்கு மாற்றுவோம் என்று இருக்கும்போது கரண்ட் போய் வந்தது.

கணினி எழும்பியதும் பழைய கட்டளையையே எடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் ஜிபிடி என்று மாற்றி எண்டரை அழுத்தினேன். எல்லாத் தரவும் அழியும், தொடரவா என்று கேட்டது. 'யெஸ்' அடித்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து மேசையில் தூங்கிக் கிடந்த பழைய ட்ரைவ் 'கிர்' என்று சுழலத் தொடங்கியது. புதியது அசையவில்லை. கையை எடுத்துவிட்டேன் மச்சான். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கரண்ட் போய் வந்ததில், கணினி ட்ரைவ்களுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் இடம் மாறியிருந்தன. என் கட்டளையில் இருந்த பெயர் இப்போது பழைய ட்ரைவுக்குப் போயிருந்தது. இன்னுமொரு எண்டர், சித்தப்பாவின் குரல் போயிருக்கும்.

பிறகு பழையதைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொட்டேன். ட்ரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் 3.6டி என்று (4 டெராபைட்டை அது அப்படித்தான் காட்டும்) கண்ட பிறகே ஜிபிடி, 0 முதல் 100 சதவீதம் வரை ஒரே பார்ட்டிஷன், ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபார்மட். ஃபார்மட் பண்ணும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கும் 5 சதவீதத்தைப் பூச்சியமாக்கினேன். இல்லாவிட்டால் 200 ஜிபி சும்மா கிடக்கும். கணினி எழும்பும்போது எந்த ட்ரைவை எங்கே இணைப்பது என்று பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும், மாறாத அடையாள எண்ணான யூயூஐடியைத்தான் எழுதினேன். எஸ்டிபி என்ற பெயரை இனி நம்பமாட்டேன்.

ஒரே பிரதியோடு இருக்க இனிப் பயம். சின்னக்கா யாழ்ப்பாணம் வரும்போது இன்னொரு ட்ரைவ் கொடுத்துவிடுகிறேன். உனக்கு விண்டோஸ் என்பதால் அதை, விண்டோஸும் லினக்ஸும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மட் பண்ணுகிறேன். அதன் பழைய வகையான ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. தயவுசெய்து உன்னுடைய படங்களை அதில் கொட்டாதே, உன்னை எனக்குத் தெரியும்.

வந்ததும் மூன்றாவது கசெட்டைப் போட்டுப் பார். கணக்கு மாஸ்டர் வசனத்தை மறந்து நிற்கிற இடத்தில், பின்னால் நீ சிரிப்பது கேட்கும்.

அன்புடன்,
உன் மச்சான்