பிரஷர் மாத்திரையும் அதோடு சேரக் கூடாதவையும்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டெல்மிசார்டன் 40 மில்லிகிராம், தினம் ஒன்று. இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த வயதிலேயே பிரஷர் மாத்திரையா என்று நீ போனில் மூக்கை உறிஞ்சியது கேட்டது. தாத்தாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, பெரிய மாமாவுக்கு வந்தது. உனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டரிலேயே என் காலம் போனது உனக்குத் தெரியும். அங்கே பார்த்தவரை, பிரஷர் மாத்திரையால் வந்த வினையைவிட, அதோடு சேர்த்து விழுங்கியதால் வந்த வினைதான் அதிகம். அதனால் அதைத்தான் விலாவாரியாக எழுதப் போகிறேன்.

முதலில் உன் கைப்பையைத் திற. இடுப்பு வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் போடுவாயே, அந்த அட்டையின் பின்பக்கம் என்ன பெயர் இருக்கிறது என்று பார். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சன், இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இனிமேல் போடாதே. இவை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிவைத்து பிரஷரை ஏற்றும். சிறுநீரகத்துக்கும் கெடுதல். வயலுக்கு வரும் மடையை வலி மாத்திரை அடைக்கிறது, வெளியே போகும் மடையை டெல்மிசார்டன் திறந்துவிடுகிறது, நடுவில் எப்படித் தண்ணீர் நிற்கும்? சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழுத்தம் குறைந்துபோகும். இதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால், அல்லது வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போனால், ஆபத்து இன்னும் கூடும். அப்படி வாந்தி பேதி வந்த நாளில் மாத்திரையைப் போடலாமா, நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் போன் செய்து கேட்டுக்கொள். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் நிறைய.

சளி மாத்திரையும் அப்படித்தான். மூக்கடைப்பைத் திறக்கப் போடும் ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் ரெண்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும், பிரஷர் ஏறும். மெடிக்கலில் "சளிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்காதே. "எனக்கு பிரஷர் இருக்கு, டெல்மிசார்டன் போடறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்.

அப்புறம் அதிமதுரம். உன் அத்தை இருமலுக்குத் தருகிற கஷாயத்தில் அது தாராளமாக இருக்கும். பாசமாகத்தான் தருகிறார்கள். ஆனால் அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது என்று யாராவது சொன்னால் சர்ப்பகந்தாவைச் சொல். அந்த வேர் பிரஷரைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து எடுத்த ரெசர்பின் பிறகு உலகமெல்லாம் ஓடியது. பிரஷர் குறைந்தது நிஜம், சிலருக்கு மனச்சோர்வு வந்ததும் நிஜம்.

உப்பைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நாளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்துப்பையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பது வேறு. அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டன் தன் பங்குக்குப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். ரெண்டும் சேர வேண்டாம். இளநீர் எப்போதாவது ஒன்று குடி, தினமும் என்றால் ரத்த ரிப்போர்ட் வந்த பிறகு கேட்டுக்கொண்டு குடி.

கடையில் மாத்திரை வாங்கும்போது பிராண்டு பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார். எச் என்றிருந்தால் நீர் பிரியும் ஹைட்ரோகுளோரோதயசைடு கூட இருக்கிறது. ஏஎம் என்றிருந்தால் அம்லோடிபின். நான் போடுவது அந்த அம்லோடிபின்தான், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அது சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், எனக்கும் சாயங்காலம் கொஞ்சம் வீங்கும். உன் சீட்டில் வெறும் டெல்மிசார்டன்தான் இருக்கிறது. "இதுவும் அதே மருந்துதான்" என்று கடைக்காரர் எழுத்து மாறியதை நீட்டினால் வாங்காதே. மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கு, மருந்தின் பெயரும் 40 என்ற அளவும் ஒத்துப்போனால் சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்காதே. டெல்மிசார்டன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் தடித்த அலுமினியம் வைத்து, நகம் உடையும் அளவுக்கு அடைத்திருக்கிறார்கள். போடும் நேரத்தில் பிரி.

காலையா, ராத்திரியா என்று மாப்பிள்ளை கேட்டாராம். பிரிட்டனில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் வைத்து இதையே பார்த்தார்கள், முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. உனக்கு மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடு, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடு. இரண்டாகச் சேர்த்துப் போடாதே.

இப்போது முக்கியமான ஒன்று. போனில் கேட்கக் கூச்சமாக இருந்ததால்தான் கடிதமே எழுதினேன் என்று வைத்துக்கொள். இரண்டாவது குழந்தை யோசனை இருக்கிறதா? இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல். டெல்மிசார்டன் கர்ப்ப காலத்தில் ஆகவே ஆகாது. குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பனிக்குட நீர் வற்றும். லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்திலும் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன, முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். யோசனையே இல்லாமல் நாள் தள்ளிப்போனாலும், சோதித்து உறுதியான அன்றே டெல்மிசார்டனை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய். அவர் அடுத்த மாத்திரையைச் சொல்வார், பிரஷரை மருந்தில்லாமல் விட்டுவிடக் கூடாது. நீயாக நிறுத்த அனுமதி இந்த ஒன்றுக்குத்தான். மெஷினில் 120 காட்டுகிறது, குணமாகிவிட்டது என்று நிறுத்துவது இதில் சேராது. அந்த 120 மாத்திரை காட்டுகிற 120.

மெஷினில் பார்க்கும்போது மாடி ஏறி வந்த வேகத்தில் பார்க்காதே. காபி குடித்து அரை மணியாவது ஆகட்டும். பாத்ரூம் போய்விட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை எடுத்து எழுதி வை. 180-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பு என்று எது இருந்தாலும் எனக்குப் போன் செய்துகொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. உதடோ முகமோ வீங்கினாலும் அப்படியே. முதல் சில நாள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், உட்கார்ந்து நிதானமாக எழு.

ரத்த ரிப்போர்ட்டில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், பொட்டாசியமும் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அப்பா சனிக்கிழமை பார்சல் போடுகிறார். முறுக்கில் உப்பைக் குறைத்திருக்கிறேன், எள்ளுருண்டை பேத்திக்கு. நார்த்தங்காய் ஊறுகாயும் அப்பளமும் இந்தத் தடவை கிடையாது, அப்பாவிடம் தனியாகக் கேட்டு வாங்கப் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா