மீன் கொல்லும் அல்காவும் பொன்னிற அல்காவும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

'பொன்னிற அல்கா' என்னும் நுண்பாசி பெருகினால் நன்னீர்க் குளங்களில் மீன்கள் செத்து மிதக்கும் என்று தங்கள் பத்திரிகையில் கடந்த ஞாயிறன்று வெளியான கட்டுரை கூறியது. இரு வேறு உயிர்கள் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் நேர்ந்த குழப்பம் இது.

2022 ஆம் ஆண்டு கோடையில் போலந்து, ஜேர்மனி எல்லையிலுள்ள ஓடர் ஆற்றில் 300 தொன்னுக்கு மேற்பட்ட மீன்கள் மடியக் காரணமானது பிரிம்னீசியம் பார்வம் என்ற அல்கா. உவர்நீரை விரும்பும் இவ்வுயிர், ஆற்றில் உப்புக் கழிவு கலந்ததாலேயே அங்கு அவ்வளவு பெருகியது. சந்தையில் மீன் வாங்குகையில் நாம் தூக்கிப் பார்க்கும் சிவந்த பூவை, அதாவது செவுளைத்தான் அதன் நஞ்சு சிதைக்கிறது. இதையும் பொன்னிற அல்கா என்பர்; ஆனால் இவ்வுயிர் கப்டோபைற்றா என்ற வேறு பிரிவைச் சேர்ந்தது.

கிரைசோபைசியே வகுப்பைச் சேர்ந்த உண்மையான பொன்னிற அல்காக்களோ பெரும்பாலும் தெளிந்த, போசணை குறைந்த நன்னீரில் வாழ்பவை. பச்சையத்தின் நிறத்தை மறைக்கும் பியூக்கோசாந்தின் என்ற நிறப்பொருளே அவற்றுக்குப் பொன்னிறம் தருகிறது. மாணவப் பருவத்தில் நுணுக்குக்காட்டியில் இவ்வகுப்பைச் சேர்ந்த டைனோபிரியோனைக் கண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது: கண்ணாடிபோன்ற சிறு சாடி, அதன் வாயில் ஒட்டியபடி இன்னொரு சாடி, அதன்மேல் வேறொன்று என்று கிளைவிட்ட கூட்டம், ஒவ்வொரு சாடிக்குள்ளும் ஒரு கலம், நீளத்தில் ஒவ்வாத இரு சவுக்குமுளைகளுடன். ஒளித்தொகுப்புச் செய்யும் இதே கலம் பக்டீரியாக்களையும் பெருமளவில் விழுங்குகிறது என்பதை 1986 இல் கனடிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். காலம் பாதகமானால் இவ்வகுப்பினர் சிலிக்காச் சுவர்கொண்ட சிறைப்பைகளாகிச் சேற்றில் உறங்கும். ஏரிகளின் பழைய வரலாற்றை அச்சுவர்களைக் கொண்டும் அறிகிறார்கள். குடிநீர்த் தேக்கங்களில் சைனூரா என்ற பொன்னிற அல்கா பெருகும்போது எழும் மீன் வாடையே இவற்றால் பொதுவாக வரும் தொல்லை.

நம் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில், தோட்டத்து உரமும் வீட்டுக் கழிவும் சேரும் குளங்களைப் பச்சையாக்குபவை பெரும்பாலும் பச்சை அல்காக்களும் நீலப்பச்சை அல்காக்களுமே. அவை இரவில் சுவாசித்து ஒட்சிசனைத் தீர்த்துவிடுவதால் விடியற்காலையில் மீன்கள் மூச்சுத்திணறிச் சாகும். வெயில் ஏறியதும் ஒட்சிசன் மீண்டும் கூடிவிடும். ஆகவே மீன் மிதக்கும் நாளில் வெயில் ஏறுமுன்னரே ஒட்சிசனையும் உப்புத்தன்மையையும் அளந்து, ஒரு போத்தல் நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்னரே காரணத்தைப் பெயர் சொல்லி எழுதுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.