வாட்ச் காட்டுவது யாருடைய சூடு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விட்டு நீ மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வெளியே 20 டிகிரி இருக்கும்போது புது வாட்ச் 28, 29 என்று காட்டுகிறது, சென்சார் பழுதா, திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்கிறாய். கொடுக்காதே. சென்சார் தான் இருக்கும் இடத்தின் சூட்டை ஒழுங்காகத்தான் சொல்கிறது. அது இருப்பது உன் மணிக்கட்டின் மேல், மூடிய ஒரு கூட்டுக்குள்.

பல விளையாட்டு வாட்சுகளில் இந்த வெப்ப சென்சார், உயரம் சொல்வதற்காகக் காற்றழுத்தம் அளக்கும் சிப்புக்குள்ளேயே இருக்கும். சூடு மாறினால் அழுத்த அளவும் நகரும். அதைத் திருத்திக்கொள்ளத்தான் சிப்புக்குத் தன் சூடு தெரியவேண்டும். பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 சிப்பை எடுத்துக்கொள். 25 டிகிரியில் அதன் துல்லியம் ±0.5. ஆனால் காட்டும் சூடு சர்க்யூட் பலகையையும் சிப்பின் சொந்தச் சூட்டையும் பொறுத்தது, வழக்கமாகச் சுற்றுப்புறத்தைவிட அதிகமாகவே இருக்கும் என்று அதன் விவரக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். திரையில் 28.4 என்று தசமத்தோடு வருவதை வைத்து அதைக் காற்றின் சூடு என்று நம்பிவிடாதே.

“அப்படியானால் எப்போதும் 8 டிகிரி கழித்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருக்கிறாய். அது தேறாது. மணிக்கட்டுத் தோல் சுமார் 33 டிகிரி. கீழேயிருந்து தோல் வாட்சைச் சூடாக்குகிறது, மேலேயிருந்து காற்று ஆற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ வாட்ச் நிற்கும். இடைவெளியில் 65 சதவீதம் தோல் பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று 20 என்றால் வித்தியாசம் 13, வாட்ச் காட்டுவது சுமார் 28.5. அதே வாட்ச், காற்று 30, தோல் 34 என்றால் காட்டுவது 32.6. நீ 8 கழித்தால் 24.6 என்று வரும், நிஜத்தைவிட 5 டிகிரிக்கு மேல் குறைவு! அந்த 65-ம் நிலையாக நிற்காது. எதிர்காற்றில் குறையும், முழுக்கைச் சட்டைக்குள் போனால் கூடும், ஸ்ட்ராப்பை இறுக்கினாலும் கூடும். ஒரே ஓட்டத்தில் திரும்பி வரும் வழியில் காற்று முதுகுக்குப் பின்னால் வந்தாலே எண் மாறிவிடும்.

காற்றின் சூடு வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். வியர்வையைத் துடைத்துவிடு, ஈரம் காயும்போது வாட்சைக் குளிர்விக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தொங்கவிடு. பாறையிலோ மேசையிலோ வைத்தால் அதன் சூட்டைக் காட்டும். பிறகு 20 முதல் 30 நிமிடம் பொறு. வாட்ச் தயாரிக்கும் கார்மின், கேஸியோ இரண்டின் கையேடுகளும் இதே நேரத்தைத்தான் சொல்கின்றன. காரணம் எளிது. ஒரு வாட்ச் 6 நிமிடத்தில் தன் வித்தியாசத்தில் 63 சதவீதத்தை இழக்கிறது என்று வை. காற்றைவிட 8.5 டிகிரி கூடுதலாக இருந்தது, 6 நிமிடத்தில் 3.1 ஆகும், 12-ல் 1.2, 18-ல் 0.42, 24-ல் 0.16. ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிட்டுத் தவறு என்று சொல்வது பாவம். கனமான எஃகுக் கூடு இன்னும் மெதுவாக ஆறும். அந்த நேரத்தில் ஜிபிஎஸ் பதிவை நிறுத்திவை. சார்ஜிலிருந்து எடுத்த கையோடும் அளக்காதே, பேட்டரி சூடாக இருக்கும். நேர்வெயில் கூடவே கூடாது. கறுப்புக் கூடு வெயிலைக் குடித்துவிடும். வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை வெள்ளைச் சட்டமடித்த பெட்டிக்குள் வைப்பதும் அதற்காகத்தான்.

சென்சார்மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லையா? சோதித்துவிடு. முதலில் ஒரு நல்ல தெர்மாமீட்டரைச் சரிபார்: ஐஸை நொறுக்கி ஒரு டம்ளர் நிறையப் போட்டு, சந்து நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கு. முனை அடியிலோ பக்கத்திலோ படாமல் பிடித்தால் 0 காட்டவேண்டும். தண்ணீர் அதிகமானால் 2, 3 என்று ஏறிவிடும், பலர் தவறுவது இங்கேதான். பிறகு வாட்சையும் அந்தத் தெர்மாமீட்டரையும் ஒன்றையொன்று தொடாமல் ஓர் அட்டைப்பெட்டியில் மூடி, ஒரு மணிநேரம் கழித்துத் திறந்ததும் படி. குளிர்ந்த விடியலில் ஒரு முறை, வெப்பமான மதியத்தில் ஒரு முறை. இரண்டிலும் ஒரே வித்தியாசம் வந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். சில வாட்சுகளில் அமைப்புகளிலேயே திருத்த வழி உண்டு. கேஸியோ புரோ ட்ரெக்கில் ±2 டிகிரி வரை ஏற்கத்தக்கது என்று கொள்கிறார்கள். அதைத் தாண்டினால் பழுது பார்க்கச் சொல். வாட்சை வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதே, ரப்பர் அடைப்பு கெடும்.

நீந்தும்போது அதே வாட்ச் நன்றாகவே சொல்லும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், தோலின் சூடு தோற்றுப்போகும். இறங்கிச் சில நிமிடம் கழித்துப் பார்த்தால் போதும். ஓடும்போதே காற்றின் சூடு தொடர்ந்து வேண்டுமானால், கார்மின் டெம்ப்பி போன்ற தனி சென்சாரை ஷூ லேஸிலோ பையின் வெளிப்பட்டையிலோ மாட்டு. ஒரு சிஆர்2032 பேட்டரியில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும்.

உயரக் கணக்கையும் கேட்டிருந்தாய். கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1000 மீட்டருக்கு 6.5 குறையும் என்ற நிலையான சூத்திரத்தில்தான் அழுத்தம் உயரமாகிறது. காற்று அதைவிட 15 டிகிரி வெப்பமாக இருந்தால், நீ ஏறிய 1000 மீட்டரை வாட்ச் சுமார் 950 என்று காட்டும். மணிக்கட்டுச் சூடு இதில் கலப்பதில்லை, நல்லவேளை.

உன் மனைவியின் வாட்ச் இரவில் எடுக்கும் மணிக்கட்டு வெப்பம் வேறு சங்கதி. 2022-ல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8-ல் தோலருகே ஒன்று, திரைக்கு அடியில் ஒன்று என இரண்டு சென்சார்கள். தூக்கத்தில் 5 விநாடிக்கு ஒருமுறை அளக்கும். வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே முக்கியமாகச் சொல்லும். தூங்கத் தொடங்கும்போது உள்ளுடல் சூடு இறங்க, மணிக்கட்டுச் சூடு ஏறும். ஆகவே காய்ச்சலா என்று அறிய வாய்த் தெர்மாமீட்டரையே வைக்கச் சொல்.

பெட்டிச் சோதனையின் இரண்டு எண்களையும் எழுது, பார்த்துச் சொல்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்