ஆச்சி படத்து மாலை

தோவாளை,
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய வீடியோவை அம்மையும் நானும் நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிட்டோம். வீடு நல்ல வெளிச்சமாக இருக்கிறது. அடுக்களை ஜன்னல் அம்மைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆச்சி படத்தை கூடத்திலேயே மாட்டியிருக்கிறாய், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

படத்தில் கிடந்த மாணிக்கமாலையை, நம் ஊரில் அரளிப் பூவை மடித்துக் கட்டுகிற அதே தட்டை மாலையைப் பார்த்து, "அங்கே எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டேன். "பிளாஸ்டிக்தான் அப்பா. ஆச்சியே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டா. கண்ணுக்கு ஒண்ணுபோல இருந்தா அழகும் ஒண்ணுதானே?" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. ஒரு வாரமாக அதே நினைப்புதான். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, மக்களே. அந்தக் குளிரில் அரளிப் பூவுக்கு நீ எங்கே போவாய்? கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதை அப்படியே விட்டுவிட மனசில்லை.

நேற்று விடியுமுன் மாமா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். சந்தையிலிருந்து பூ வந்திருந்தது. வெள்ளை அரளி ஒரு குவியல், சிவப்பு அரளி ஒரு குவியல், ஈரத்துணிக்குள் நொச்சி இலை. மாமா ஒவ்வொரு பூவாக எடுத்து, இதழை மடித்து, நாரில் வரிசையாக வைத்துக்கொண்டே போகிறார். மாலை உருண்டு திரளாமல் பாய் மாதிரி தட்டையாக நீள்கிறது. நடுவில் ஒரு பூவை எடுத்தார், விரலில் ஒரு தடவை உருட்டினார், அப்படியே ஒதுக்கிப் போட்டார். என் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேட்டதற்கு, "காம்பு தடிச்சது அத்தான், வரி தூக்கிக் காட்டும்" என்றார்.

அந்த ஒதுக்கிப் போட்ட பூவையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். செடியில் எந்த இரண்டு பூவும் ஒரே அளவில் இல்லை. மாலையில் மட்டும் எல்லாம் ஒரே கல்லில் வெட்டிப் பதித்த மாதிரி இருக்கிறது. அந்த ஒழுங்கு ஒவ்வொரு பூவிலும் மாமா புதிதாக உண்டாக்குவது. பிளாஸ்டிக் பூக்கள் அச்சிலிருந்து விழும்போதே ஒன்றுபோல விழுகின்றன. அங்கே யாரும் எதையும் ஒதுக்கிப் போடவில்லை.

அப்படியானால் உழைப்புதான் அழகா என்று கேட்பாய். இல்லை. மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்து, பார்க்கச் சகிக்காமல் போன எத்தனையோ சாமான்களை நாம் பார்த்திருக்கிறோம். எங்கே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிந்த ஒரு மனசு அதற்குள் இருக்க வேண்டும். அது பார்க்கிறவனுக்குப் பிடிபடவும் வேண்டும்.

நான் வகுப்பில் பலமுறை சொன்ன ஒரு கதை இப்போது ஞாபகம் வருகிறது. ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1790-ல் எழுதியது. ஒரு விடுதிக்காரன், நைட்டிங்கேல் பறவையின் பாட்டைக் கேட்க ஆசைப்பட்ட விருந்தாளிகளுக்காக ஒரு பையனைப் புதருக்குள் ஒளித்துவைத்து, நாணல் குழலால் அந்தக் குரலை எழுப்பச் செய்கிறான். எல்லோரும் சொக்கிப் போகிறார்கள். ஏமாற்று என்று தெரிந்ததும் அதே பாட்டைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. காதில் விழுந்த சத்தம் மாறவே இல்லை, பார்! செயற்கைப் பூவைத் தரையில் நட்டு வைத்தாலும் இதே கதைதான் என்று அவர் அங்கேயே சொல்கிறார். ஒரு பொருள் எப்படி உண்டானது என்று நமக்குத் தெரிந்திருப்பதும் நம் பார்வையோடு சேர்ந்ததுதான். கண் மட்டும் தனியாக எதையும் பார்ப்பதில்லை.

ஆனால் அசல் பூவைத் தவிர எல்லாம் போலி என்று நான் சொல்லமாட்டேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கு உன்னைக் கூட்டிப் போனபோது உனக்கு எட்டு வயசு. பூமுகத்தில், அந்த வாசல் மண்டபத்தில், மேல்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய், கழுத்து வலிக்கிறது என்றாய், அப்புறமும் வரமாட்டேன் என்றாய். மரத்தில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்றுபோல இன்னொன்று இல்லை. அவை மரமாகவே இருக்கின்றன, பறித்துவந்த பூ என்று யாரையும் நம்பவைக்கப் பார்க்கவில்லை. செதுக்கியவன் ஒவ்வொன்றிலும் இதழை வேறுமாதிரித் திருப்பியிருக்கிறான். மாமா வேறுவேறானதை ஒன்றாக்குகிறார். அந்தத் தச்சன் ஒரே மரத்தை வேறுவேறாக்கினான். இரண்டிலும் ஒருவர் உட்கார்ந்து யோசித்தது தெரிகிறது. அவன் பூ எத்தனையோ தலைமுறையாக நிற்கிறது, மாமாவின் பூ நாளைக்கு வாடிவிடும். அதனால் எனக்கு இது குறைந்ததாகத் தோன்றவில்லை.

2025-ல் நம் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான். ஆச்சி இருந்திருந்தால் அந்தச் சான்றிதழை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அறுபது வருஷம் கட்டிய கை அது. உன் வீட்டுக்கு வந்தால் முதலில் மாலையைத் தொட்டுத்தான் பார்ப்பாள். வரிமேல் விரலை ஓட்டுவாள். எந்த இடத்திலும் விரல் தடுக்காது, உடனே தெரிந்துவிடும் அவளுக்கு.

மாமாவிடம் கொஞ்சம் நார் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வருகிற பையன் கையில் கொடுத்துவிடுகிறேன். அங்கே என்ன பூ கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள். சின்ன வயசில் ஆச்சி மடியிலிருந்து மடிக்கப் பழகியது உன் விரலுக்கு மறந்திருக்காது. வரி கோணினால் கோணட்டும். முடித்ததும் ஒரு வீடியோ அனுப்பு, மாமாவும் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அப்பா