தகரத்து மழையில் மறுபடி தூங்க வைத்தவர்களுக்கு

நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கே உங்களுக்கெல்லாம் எழுதியிருக்க வேண்டும், ஆனால் அப்போது எழுதியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லையாம், நன்றி என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். உங்களில் சிலர் எனக்குச் செய்தது என்னவென்று அப்போது எனக்கே விளங்கவில்லை. பொகவந்தலாவை டவுனுக்குப் போனால் இன்னமும் "டீச்சர், அந்தச் சதை துடிக்கிற வருத்தம் எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பா தவறிப்போன வருஷத்திலிருந்துதான் இது தொடங்குகிறது. அன்று காலையில் இடது கை மரத்துப் போகிறது என்றார், தைலம் தேய்த்துவிட்டு நான் பாடசாலைக்குப் போய்விட்டேன், மத்தியானம் போன் வந்தது. பாரிசவாதம். அதற்குப் பிறகு உடம்பு காட்டுகிற எதையும் இனிக் கவனிக்காமல் விடமாட்டேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அடுத்த வருஷம் மே மாதம் இடது கண்ணிமை துடித்தது. பொம்பளைக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று அம்மா சந்தோஷப்பட்டார். இரண்டு வாரத்தில் கெண்டைக்கால், அப்புறம் தொடை, அப்புறம் இடது பெருவிரலின் அடிச்சதை. தோலுக்குள் ஒரு புழு நெளிகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இரவில் போனை எடுத்துத் தேடினேன். மோட்டார் நியூரோன் நோய் என்று வந்தது. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், தசை மெலியும், கடைசியில் மூச்சுக்கான தசையும் ஓயும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான், ஸ்டீவன் ஹோக்கிங் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 1963இல் 21 வயதில் அந்த நோய் என்று சொல்லப்பட்டவர் 2018 வரை வாழ்ந்தார் என்று பிள்ளைகளுக்குத் தைரியமாகச் சொன்ன அதே விஷயம், அவரைப் போல நெடுங்காலம் இருப்பவர்கள் மிகக் குறைவு என்று இப்போது திரும்பி வந்து என்னையே பிடித்துக்கொண்டது.

அந்த மூன்று மாதம் எப்படி இருந்தேன் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கரும்பலகையில் எழுதும்போது நுனிக்காலில் நின்று பார்ப்பேன், ஒற்றைக் காலில் குதிப்பேன், கண்ணாடியில் நாக்கை நீட்டி அது நடுங்குகிறதா என்று பார்ப்பேன், இரண்டு கெண்டைக்காலையும் டேப் பிடித்து அளந்து கொப்பியில் குறித்து வைப்பேன். களைத்த தசை இன்னும் அதிகமாகத் துடிக்கும் என்பது அப்போது தெரியாது. தூக்கம் வராத இரவில் பால் போடாத தேத்தண்ணி, பிளேன்டிக்கு மேல் பிளேன்டி, அதுவும் சாயம் கூடியது.

முதலில் ஒரு இடத்தில் காசு கட்டி ஒரு டொக்டரைச் சனல் பண்ணினோம். இரண்டு நிமிஷம். என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "எல்லாம் மனசுதான், போங்க" என்று அனுப்பினார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று இன்றைக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு மடங்கு தேடினேன்.

அதனால்தான் கண்டி கிளினிக் டொக்டருக்கு என் முதல் நன்றி. என் கொப்பியை ஒரு பக்கம் விடாமல் வாசித்தீர்கள் சேர். சுத்தியலால் முழங்காலில் தட்டினீர்கள், குதிக்காலில் நடக்கச் சொன்னீர்கள், விரல்களை விரித்து உங்கள் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "துடிக்கிறதை விடுங்க. போன மாதம் செய்ய முடிஞ்சு இந்த மாதம் செய்ய முடியாமப் போன வேலை ஏதாவது இருக்கா?" யோசித்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கினேன், சட்டைப் பொத்தான் போட்டேன், மேட்டிலிருக்கிற லயத்து வீடுகளுக்கு ஏறி இறங்கினேன். நல்ல தேகக்காரருக்கும் சதை துடிக்கும், தூக்கமில்லாதபோதும் தேத்தண்ணி, கோப்பி கூடும்போதும் பதற்றத்திலும் அது கூடும் என்றீர்கள். பயத்தில் வேகமாக மூச்சு விட விட இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, நரம்புக்கு உதவுகிற கல்சியமும் குறைந்து, விரல் நுனி விறுவிறுக்கும் என்று ஒரு விஞ்ஞான டீச்சருக்கு விளங்குகிற மாதிரி படம் கீறிக் காட்டினீர்கள். தைரொயிட்டும் கல்சியமும் இரத்தத்தில் பார்க்க எழுதித் தந்தீர்கள். அப்புறம், "நரம்புப் பரிசோதனை ஒரு தடவை செய்வோம், ஒரே ஒரு தடவை. திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்கக்கூடாது" என்றீர்கள். அந்தக் கடைசி வாக்கியம்தான் மருந்து என்று பிறகுதான் விளங்கிற்று.

அந்தத் திகதி வரும்வரை ஒரு விஷயம் யாருக்கும் சொல்லவில்லை. ஊசி போட்டுப் பார்க்கிற ஈ.எம்.ஜி. பரிசோதனையில் தசையின் மின்னோட்டத்தை இயந்திரம் சத்தமாகவும் கேட்க வைக்கும், நரம்பு இழந்த தசை சும்மா இருக்கும்போதும் சத்தம் போடும், அது தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும் என்று எங்கோ வாசித்துவிட்டேன். நமக்கு அது என்ன சத்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறோம். அந்த ஜூன், ஜூலை மழையில் தகரத்தில் முதல் துளி விழுந்தாலே காதைப் பொத்திக்கொள்வேன். தலையணையை எனக்காக உள்ளறைக்கு மாற்றிய அம்மாவுக்குக் காரணம் தெரியாது. கேட்கவுமில்லை. அவர் பாட்டுக்கு மாரியம்மனுக்கு வேண்டிக் கையில் கயிறு கட்டிவிட்டார்.

பரிசோதனை அன்று விடியவே, இருட்டோடு, தன் ஆட்டோவில் ஹட்டன் பஸ் வரை கொண்டுவந்துவிட்டுக் காசு வாங்காமல் போன அண்ணே, உங்களுக்கு நன்றி. சீட்டுக் காசை முன்கூட்டியே தந்த அண்ணிக்கும், ஒரு வார்த்தை கேட்காமல் லீவு தந்த அதிபர் சேருக்கும் நன்றி.

கண்டியில் அந்த அறையில் இருந்த மிஸ்ஸி என் கையைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். கை சில்லென்றிருக்கிறது, குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாகத்தான் ஓடும், அப்படியே அளந்தால் இல்லாத வருத்தத்தை இருக்கிறதென்று காட்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, பிறகு எனக்குத் தெரிந்த சொற்களாகத் தேடித் தேடித் திரும்பச் சொன்னார். சுடுதண்ணீர் கொண்டுவந்து என் இரண்டு கையையும் அதற்குள் வைத்து, தன் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "பய வென்ன எபா நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி. மணிக்கட்டிலும் முழங்கையிலும் சுண்டி அடிக்கிற மாதிரி சின்னச் சின்ன மின் அதிர்ச்சி, விரல் தானாகத் துள்ளும். கையில் நொடிக்கு 50 மீற்றருக்கு மேல் ஓடினால் நல்லதென்று சொல்லி, என் எண்ணைத் திரையில் தொட்டுக் காட்டினார்: 58.

பிறகு டொக்டர் வந்து ஊசி. கெண்டைக்காலில் குத்திவிட்டு "தளர்த்தி வைங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தேன்.

சத்தமே இல்லை.

பாதத்தை மடக்கச் சொன்னபோது இயந்திரம் இரைந்தது, நான் திடுக்கிட்டேன். "இது உங்க தசை வேலை செய்ற சத்தம், இப்படித்தான் இருக்கணும்" என்றார். தொடை, கை, பெருவிரல் அடி, எல்லா இடத்திலும் அதுவேதான். மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். இருபது நாளில் அந்தப் பயம் திரும்ப வந்துவிட்டது. ஊசி குத்தாத தசையில் இருந்தால்? சீக்கிரமாகப் பார்த்துவிட்டார்களோ? கிளினிக் டொக்டர் சொன்ன சொல்லில் நின்றார், பரிசோதனையைத் திரும்ப எழுதவில்லை, மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடையின் பெயரைச் சொல்லி ஊரில் ஏசுகிற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பாரம் என்று தெரியும். போனேன். அங்கே இருந்த டொக்டர் அம்மா ஒரு மணித்தியாலம் அப்பாவைப் பற்றி மட்டும்தான் கேட்டார். ஊரில் யாருக்காவது இப்படி இருந்தால் 1926க்குப் போன் பண்ணலாம், அது மனநல உதவி இலக்கம், வெட்கப்பட எதுவுமில்லை.

அவர் என் கணவரையும் கூப்பிட்டுப் பேசினார். "கால் மெலிஞ்சிருக்கா பாருங்க" என்று நான் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டாம், பதில் கிடைத்த பத்தாவது நிமிஷம் அதே கேள்வி திரும்ப வரும் என்றார். பெக்டரியில் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எத்தனை தடவை எழுப்பிக் கேட்டிருப்பேன். அன்றிலிருந்து நீங்கள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள், நான் கோபப்பட்டேன், கத்தினேன், உங்களுக்கு என்மேல் அக்கறையில்லை என்றுகூடச் சொன்னேன். அப்போதும் எழும்பிப் போகவில்லை. எனக்குக் கிடைத்ததிலேயே கஷ்டமான உதவி அதுதான், செய்தவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சதை இன்னமும் துடிக்கிறது. இதை எழுதும்போதுகூட முழங்காலுக்கு மேலே. பிளேன்டி ஒரு நாளைக்கு இரண்டு. தலையணை பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கடைசியாக அடுத்த லயத்துத் தையல் அக்காவுக்கு. உங்களிடம் டேப் வாங்கினேன், எதற்கென்று நான் சொல்லவில்லை, நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து அவசரமாகத் தைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனீர்கள், பிறகு நான் கேட்டபோதெல்லாம் தொலைந்துவிட்டது என்றீர்கள். அது உங்கள் மெஷின் லாச்சியிலேயே இருந்தது அக்கா, நான் பார்த்தேன். தேருக்கு ஒரு பிளவுஸ் தைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை துணியோடு வருகிறேன். டேப்பை எடுத்து வையுங்கள், அளவை நீங்களே எடுங்கள்.