கிறிஸ்தவர்கள் எல்லோரும் என்றால் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஒருபால் திருமணம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கலாமா என்று ஆஸ்திரேலிய அரசு மக்களிடம் தபால் வழியே கேட்டதைப் பற்றி, “2017 அஞ்சல் வாக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள்” என்று ஒரே வரியில் எங்கள் கணக்கை முடித்திருக்கிறீர்கள். நல்லது. முப்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற நான், யாரோடு திரண்டேன் என்பதை உங்கள் இதழைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

அந்த வாக்குச்சீட்டு உறைகள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், மீன் வடிவக் காந்தத்தின் கீழ் மூன்று வாரம் தொங்கின. கடைசியில் மனைவி ‘இல்லை’ என்று குறித்தார், நான் ‘ஆம்’ என்று. இரண்டு உறைகளையும் ஒரே தபால் பெட்டியில் போட்டதும் நான்தான். இருவருக்கும் ஒரே சபை, ஒரே பாட்டுப் புத்தகம்.

அங்கிளிக்கன் திருச்சபையின் சிட்னி மறைமாவட்டம் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பத்து லட்சம் டொலர் கொடுத்தது உண்மை. அதை யாரும் ஒளிக்கவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம், அதே மறைமாவட்டத்து நண்பர் ஒருவர் என் வீட்டில் தேநீரைத் தொடாமலே “சபைக் காசு இதுக்கோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்தோலிக்க இயேசுசபைக் குரு ஃபிராங்க் பிரென்னன் ‘ஆம்’ என்று வாக்களிக்கப்போவதாக வெளிப்படையாகவே சொன்னார். ‘ஆம்’ பக்கம் நின்ற அன்றைய பிரதமர் டர்ன்புல்லும் கத்தோலிக்கர்தான். இங்குள்ள புரொட்டஸ்டன்ட் சபையான யுனைட்டிங் திருச்சபையோ 2018இல், ஒருபால் திருமணத்தை விரும்பும் போதகர் நடத்தி வைக்கலாம், விரும்பாதவர் மறுக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் விட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே அந்த வரியைப் போட்டதுதான் மனதுக்குக் கஷ்டம்.

அப்புறம் எங்கள் பரமட்டா தொகுதி. நாடு முழுவதும் 61.6 வீதம் ‘ஆம்’. பரமட்டாவில் 61.6 வீதம் ‘இல்லை’. எண் அப்படியே குப்புற விழுந்திருக்கிறது. ‘இல்லை’ என்று சொன்ன 17 தொகுதிகளில் 12 சிட்னியில்தான். எங்கள் தொகுதியில் இந்தியர்கள் நிறைய வாழும் ஹரிஸ் பார்க்கில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஞாயிறு காலையில் வேதப்புத்தகத்தோடு புறப்படுகிறார்களா? அந்த வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில், கையில் வடையோடு, “இதெல்லாம் எங்கட பண்பாட்டுக்குச் சரிவராது அண்ணை, நான் இல்லை எண்டுதான் போட்டனான்” என்று என்னிடம் சொன்னவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. கட்டுரையாளருக்கு அவரை நன்றாகத் தெரியும்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண் போதகரை “பாதர்” என்று அச்சிட்டீர்கள். திருத்தம் கேட்டு எழுதினேன், அந்தக் கடிதம் இதழில் வரவே இல்லை. போன வருஷம் “இனிய பெரிய வெள்ளி வாழ்த்துகள்” என்று அரைப் பக்கத்துக்குப் பூ வரைந்து போட்டீர்கள். சாவு வீட்டில் போய் வாழ்த்துச் சொல்வீர்களா, ஐயா? உங்கள் ஆண்டு விழாவுக்குச் சபை மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்தோம். அதற்கு நன்றி எதிர்பார்க்கவில்லை. கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நான் கேட்பது அதிகமில்லை. “கிறிஸ்தவர்கள் எல்லோரும்” என்பதை “சில கிறிஸ்தவ அமைப்புகளும் திருச்சபைத் தலைவர்களும்” என்று திருத்தி, அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் மரண அறிவித்தல்களுக்குக் கீழே போட்டாலும் சரி. சந்தாப் பணம் இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
வென்ட்வேர்த்வில், சிட்னி